கரைப் புல்லைப் பற்றி அவர் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் குழுவில் போட்ட படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில், நம்ம லயத்து வீடுகளுக்குக் கீழே, இத்தனை வருசமாக மண்ணும் காடும் மூடிக் கிடந்த அந்தச் சின்ன ரயில் ஸ்டேசனைச் சிரமதானம் வைத்துத் துப்புரவு பண்ணியிருக்கிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளை, த்ரீவீல் ஓட்டுகிற பிள்ளை, கொழுந்து பறிக்கிற பிள்ளை, எல்லாம் சேர்ந்து நாற்பது பேருக்குக் குறையாது. கல்லுக்கு வெள்ளை அடித்து, படிக்கட்டைச் செதுக்கி, பின்னால் சரிவாக நிற்கிற மண்கரையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள். இந்த முறை கோச்சியை இங்கே நிறுத்துவதாக ரயில்வே கந்தோரிலிருந்து சொல்லியிருக்கிறார்களாம்.

நம்ம வயசுக்காரர்கள் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தர் கண்ணீர் விடுகிற முகம் வேறு போட்டிருக்கிறீர்கள், யாரென்று சொல்லி மானத்தை வாங்கமாட்டேன். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. டீச்சருக்கு என்ன கோபம் என்று மூன்று பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டீர்கள். கோபம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் என்னிடம் இரண்டு காரியம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்த ஸ்டேசன் எப்படி வந்தது என்று எழுதித் தரவேண்டுமாம். அதோடு, இதைக் கொண்டு வந்த மனிதர் என்று என் அப்பா பெயரை எழுதி ஒரு பலகை நடப்போகிறார்களாம், அதற்கு நான் சம்மதிக்கவேண்டுமாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிடாமல் படியுங்கள். இதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயசு. ஒரு நாளைக்கு எத்தனை கோச்சி போனாலும் நமக்கு அது வெறும் வேடிக்கைதான். ஒன்றும் நிற்காது. பீலித் தண்ணீரில் துணி துவைக்கிற பெண்கள் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், ஜன்னலில் இருக்கிறவர்கள் திருப்பிக் காட்டுவார்கள், அவ்வளவுதான் நமக்கும் கோச்சிக்கும் உள்ள சொந்தம். ஏறவேண்டும் என்றால் வட்டவளை வரைக்கும் தண்டவாளத்து ஓரமாக நடக்கவேண்டும். பனியில் நனைந்த சிலிப்பர் கட்டையில் கால் வழுக்கும். நடந்து போய்ச் சேருவதற்குள் கோச்சி போய்விட்டது என்றால் அப்படியே திரும்பி வரவேண்டும். பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பாதி வழியிலேயே குழந்தையோடு திரும்பிய கதையெல்லாம் உங்களுக்கும் தெரியும். நம்மில் ஒருத்தர் அப்படிப் பிறந்தவர்தான்.

அப்பா புல்லுவெட்டுக் கங்காணி. தேயிலை மலையில் புல் முளைக்காமல் பார்ப்பது அவர் வேலை. அவர் ஆட்கள் சுரண்டி என்கிற புல்வெட்டியைப் போட்ட மலையில் தேயிலைச் செடியையும் சிவப்பு மண்ணையும் தவிர ஒன்றும் இருக்காது. தோட்டத்துத் துரை நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அன்றைக்கு வீட்டில் கருவாடு. ஒரு முறை எங்கள் வீட்டு வாசலில் நானும் அம்மாவும் ஆசையாக வைத்த ஊசிப்பூச் செடியைக்கூடக் களை என்று நினைத்துச் சுரண்டிவிட்டார். சோறு போடும்போது அம்மா அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அப்பாவும் கணக்கப்பிள்ளை ஐயாவும் இன்னும் நாலு பேரும் கொழும்புக்குப் போய் மனுக் கொடுத்து வந்தார்கள். ரயில்வே கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் பதில் அனுப்பினார். நிற்பதற்கு ஒரு மேடை வேண்டும், நீங்களே கட்டிக்கொண்டால் பார்க்கிறோம். வளைவில் இருக்கிற கரையில் பற்றை மூடியிருக்கிறது, அதை வெட்டினால்தான் ஓட்டுகிறவருக்கு ஆள் நிற்பது தெரியும். இரண்டும் முடிந்தால் சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் வந்து பார்த்து, மெதுவாகப் போகிற கோச்சியை ஆறு மாசத்துக்கு நிறுத்திப் பார்ப்போம். அவ்வளவுதான் கடிதம். அதைக் கோயிலில் வைத்துப் பூசை போட்டார்கள்.

தைப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் ஆரம்பித்தது. அந்தக் காலத்துச் சிரமதானம் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். காலையில் தோட்டத்து வேலை பிரிக்கிற பெரட்டு மாதிரியேதான் இருந்தது. காலை ஏழு மணிக்கு அப்பா ஆட்களை வரிசையாக நிறுத்திப் பிரித்துவிடுவார். பெண்கள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தார்கள். கூடையின் கயிறு நெற்றியில் ஏறி, சாயங்காலம் பார்த்தால் எல்லார் நெற்றியிலும் ஒரு சிவப்புக் கோடு. தோட்டத்து வேலையில் மூக்கால் அழுதுகொண்டு சுமக்கிறவர்கள் இங்கே சிரித்துக்கொண்டு சுமந்தார்கள். பெரிய அடுப்பில் தேங்காய் ரொட்டி சுட்டு, இடிசம்பல் வைத்துக் கொடுப்பார்கள். அந்தப் புகையும் தண்டவாளத்து எண்ணெய் வாடையும் சேர்ந்த ஒரு வாடை உண்டு. எனக்கு இன்னும் வெறும் வயிற்றில் அது வரும்.

இனி அவரைச் சொல்லவேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் ரயில்வேக்காரருக்குக் கட்டிக் கொடுத்த ஒரு சின்ன வீடு இருந்ததே, அதில் இருந்தவர். தினமும் காலையில் ஒரு நீளக் காம்புச் சுத்தியலும் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடியும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பார். ஆணி தளர்ந்திருந்தால் தட்டுவார். அந்த டங் டங் சத்தம் கேட்டால்தான் எங்கள் லயத்தில் பிள்ளைகளை எழுப்புவார்கள். சிங்களவர். ‘வா’, ‘போ’, ‘தண்ணி’ தவிரத் தமிழ் தெரியாது. நாங்கள் அவரைப் பாதைக்காரர் என்போம். நான் மட்டும் ‘மாமே’ என்று கூப்பிடுவேன், ஏனென்றால் அவர் மகள் எனக்குச் சிநேகிதி. என்னைவிட ஒரு வயசு பெரியவள். அவளோடு விளையாடித்தான் நான் சிங்களம் படித்தேன். அவர் என்னை ‘துவ’ என்பார். மகள் என்று அர்த்தம். அவர் மனைவி கொண்டைப் பணியாரம் சுட்டால் எனக்கென்று இரண்டு எடுத்து வைப்பார்.

அந்த வீடுதான் அவர்களுக்கு எல்லாம். சொந்த ஊரில் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. இங்கே இருந்ததால் அவள் அடுத்த ஸ்டேசன் வரை நடந்து, கோச்சி பிடித்து ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள், தன் அப்பா அதற்காகவே லீவுகூட எடுக்கமாட்டார் என்று அவள் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அவளுக்கு டீச்சர் ஆகவேண்டும். எனக்கு அப்போது கோச்சி ஓட்டவேண்டும். இரண்டில் எது நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது நடந்தது அவளுக்கு இல்லை, எனக்கு.

ஒரே ஒரு தடவை தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சிரமதானத்துக்கு வராமல் இருந்ததில்லை. அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான்தான் வாய். அவர் சொல்வதை அப்பாவிடமும், அப்பா சொல்வதை அவரிடமும் சொல்வேன். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு அப்பாவுக்கும் சிங்களம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பங்குனியில் மேடை முடிந்தது. கரையில் பற்றையையும் வெட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. பற்றை போன பிறகு பச்சைப் புல் அங்கங்கே குத்துக் குத்தாகத் தெரிந்தது. “இத இப்பிடியே விட்டுட்டு அந்தப் பெரியவர எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கூப்புடுறது? நம்ம தோட்டத்து ஆளுங்களுக்குச் சுரண்டி புடிக்கத் தெரியாதுன்னு நெனைக்க மாட்டாரா?” என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், முப்பது பேர் சுரண்டியோடு இறங்கினார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மேலே இருந்து கீழே வரை வழித்து எடுத்துவிட்டார்கள். கரை முழுக்க வழுவழுவென்று சிவப்பு மண். வெயில் பட்டபோது அழகாகத்தான் இருந்தது. நீங்களும் கைதட்டினீர்கள், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்குப் பாதைக்காரர் மட்டும் வரவில்லை. தூரத்தில் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் என் வயிறு எரிந்த நாள். வரவேற்புப் பேச்சைச் சிங்களத்தில் நான் பேசுவதாகப் பேச்சு. பத்து நாளாகப் பாடம் பண்ணியிருந்தேன். கணக்கப்பிள்ளை ஐயா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“கங்காணி, அந்தப் பேச்ச பாதைக்காரர் மககிட்டயே குடுத்துருவோம். பெரியவரு சிங்கள ஆளு. அந்தப் புள்ள பேசுனா சுத்தமா இருக்கும். நம்ம புள்ள பேசுறது பீலிக்கரைச் சிங்களம்.”

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க சொன்னா சரிதாங்க ஐயா. இவ குங்குமத் தட்ட புடிக்கட்டும்” என்றார்.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் கேட்டு வாங்கவில்லை, அவளுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. இதெல்லாம் அந்த வயசிலும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாதைக்காரர் லயத்துக்கே ஏறி வந்தார். அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அப்பா பலகையை எடுத்துப் போட்டார். அவர் உட்காராமல் என்னைப் பார்த்துப் பேசினார். ‘தணகொள’ என்றால் புல். அந்தச் சொல்லை அவர் நாலைந்து தடவை சொன்னார். எல்லாம் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

“துவ, அப்பாவிடம் சொல். கரையில் இருக்கிற புல்லைச் சுரண்டக் கூடாது. புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுரண்டிய இடத்தில் மழைக்கு முன்னால் புல்லுப் பத்தை வெட்டி வந்து பதிக்கவேண்டும். நானும் வருகிறேன், வேரும் மண்ணுமாக வெட்டிச் சேர்ந்து பதிப்போம். இல்லையென்றால் கரை இறங்கித் தண்டவாளத்தில் விழும்.”

பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். “இதை நான் மேலே எழுதவேண்டும். எழுதினால் உங்கள் ஸ்டேசனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். அதனால் எழுதவில்லை. அப்பா சரி என்று சொன்னால் போதும்.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “என்னா சொல்றாரு புள்ள?”

நான் சொன்னேன். “கரை ரொம்ப நல்லாருக்காம்ப்பா. இப்பிடி ஒரு வேலைய இந்தக் கோச்சிப் பாதையில எங்கயுமே பாத்ததில்லையாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஐம்பது வருசத்துக்கு மேலாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேச்சு அவர் மகளுக்குப் போய்விட்டது, இப்போது என்னிடம் வேலை சொல்ல வந்துவிட்டாரே என்ற ஆத்திரம் ஒன்று. உண்மையைச் சொன்னால் அப்பா முகம் சுருங்கும் என்ற பயம் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் அந்தப் பொய்யின் அளவு வரமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எழுந்து போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா சரி சொல்லிவிட்டார் என்று அவர் நினைத்தார். அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சீனியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்தார்கள். இவ்வளவு நாள் பழகியும் அவர்கள் அன்றைக்குத்தான் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குடித்து முடித்துவிட்டு அவர், எப்போது பதிக்கலாம் என்று கேட்டார். பெரியவர் எப்போது வருகிறார் என்று கேட்பதாக நான் அப்பாவிடம் சொன்னேன். “வர்ற ஞாயித்துக்கெழமங்க” என்றார் அப்பா. கடைச் சிங்களத்தில் ‘இரிதா’ என்றும் சேர்த்தார். அது அவருக்கே புரிந்தது. சரி என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். மாவிலைத் தோரணம், மேளம், எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் வெள்ளைக் கவுனில் வந்து கணீரென்று பேசினாள். பேசி முடித்ததும் பூங்கொத்தைக் கொடுக்கவேண்டும். அவள் கொடுக்காமல் என் பக்கம் கையை நீட்டி, வா என்று கூப்பிட்டு, பூங்கொத்தில் என் கையையும் சேர்த்துப் பிடிக்க வைத்துக் கொடுத்தாள். அந்தப் படத்தைப் பிள்ளைகள் எங்கேயோ தேடி எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். ‘ரெண்டு பேரும் எவ்வளவு அழகு’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

பெரியவர் கரையைப் பார்த்து, நல்ல துப்புரவு என்றார். அப்பா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு பாதைக்காரர் என்னிடம் வந்து, இன்றைக்குப் பத்தை பதிப்பதாகச் சொன்னார்களே என்று கேட்டார். வருசப் பிறப்பு முடியட்டும் என்று அப்பா சொன்னார் என்றேன். அப்பாவிடம் போகாமலே சொன்னேன். அடுத்தடுத்த பொய் எவ்வளவு லேசாக வருகிறது என்று நான் கண்டுகொண்டது அன்றைக்குத்தான்.

வருசப் பிறப்புக்கு அடுத்த நாள் கோச்சி நின்றது. பிரேக் கிறீச்சிட்டு, நீராவி எங்கள் கால்வரை வந்து, ஒரு முழுக் கோச்சி நமக்காக நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். புறப்படும்போது நான் அசைப்பதற்குப் பாதைக்காரர் தன்னிடம் இருந்த ஒரு பழைய பச்சைக் கொடியை எனக்குக் கொடுத்தார். ஓரம் கிழிந்து, காம்பில் அவர் கை பட்டுப் பட்டு மெழுகு மாதிரி வழவழப்பு. திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள் துவ என்றார்.

வருசப் பிறப்பு முடிந்தும் யாரும் பத்தை பதிக்க வரவில்லை என்றதும் அவர் கேட்பதை விட்டுவிட்டார். கங்காணிக்கு வேலை அதிகம் என்று நினைத்திருப்பார். வேலை முடிந்த பிறகு அவரும் மகளுமாகச் சாக்கில் புல்லுப் பத்தை சுமந்து வந்து, கரையின் கீழ் மூலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டு வந்தார்கள். நாலு பாய் விரிக்கிற அகலம் பதித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்பா, “கோச்சிக்காரவுங்க கணக்குப்படி ஏதோ அழகுக்கு வைக்கிறாங்க போல” என்று சிரித்துவிட்டுப் போனார். என் சிநேகிதி மேலே நிமிர்ந்து பார்த்துக் கையைக் காட்டினாள். எனக்குத் தலை வலிக்கிறது என்று சைகை காட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

வைகாசியில் மழை பிடித்தது. நம்ம பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். ஆறாவது நாள் பகல் மூன்று மணிக்கு லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கரை அப்படியே இறங்கி மேடையையும் தண்டவாளத்தையும் மூடிக் கிடந்தது. தை மாசத்திலிருந்து சுமந்த கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் கோச்சி ஊதுவது கேட்டது. பாதைக்காரர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்பு இல்லாமல், தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கோச்சி நின்றது. அவர் ஓடியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் இல்லை.

கரை முழுக்கப் போன இடத்தில், கீழ் மூலையில் அந்த நாலு பாய் அகலப் பச்சை மட்டும் அப்படியே நின்றது. எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு ஐயா வந்தார். மழைக்காக, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டார்கள். ஏணைகளில் கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கரை அவர் பொறுப்பு, கரையைச் சுரண்டியதைப் பார்த்தும் ஏன் எழுதவில்லை என்று பாதைக்காரரைக் கேட்டார்கள். நான் கங்காணியிடம் சொன்னேன், அவர் பத்தை பதிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார், இந்தப் பிள்ளைதான் எடுத்துச் சொன்னது என்று அவர் சொன்னார். கணக்கப்பிள்ளை ஐயா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லிங்கய்யா. ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டு எங்க வீட்டுத் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போனாருங்க. எம்புள்ள பொய் சொல்லாதுங்க.”

விசாரணை ஐயா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், தோளில் கை வைத்து, பயப்படாமல் சொல் என்று சிங்களத்தில் கேட்டார். இவர் அன்றைக்கு என்ன சொன்னார்?

என் வலது பக்கம் அப்பா. இடது பக்கம் அவர். செருப்பில்லாமல் ஓடிய அவருடைய காலில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு, கரை நன்றாக இருக்கிறது என்று சொன்னார் என்று சொன்னேன். சுத்தமான சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு விசாரணை ஐயாவைப் பார்த்து, “பிள்ளை மறந்திருக்கும். சின்னப் பிள்ளைதானே” என்றார்.

மாசம் முடிவதற்குள் அவரை எங்கேயோ கீழ்நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேசனும் போனது, அது ஆறு வாரம்கூட இருக்கவில்லை. நம்ம லயத்தில் என்ன பேசினார்கள் என்று சொல்லத்தான் எனக்கு நாக்குக் கூசுகிறது. நம்மளை மாட்டிவிடப் பார்த்தான், அவனுங்களே இப்படித்தான், நம்பக்கூடாது. பெரியவர்கள் பேசினார்கள், நாமும் விளையாட்டில் அதையே பேசினோம். அதுவரை அப்படி ஒரு பேச்சு நம்ம லயத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கு விதை போட்டது நான்.

அவர்கள் போன அன்று கோச்சி அங்கே நிற்காததால், சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு வட்டவளை வரைக்கும் தண்டவாளத்தில் நடந்தார்கள். அவள் பள்ளிப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக நடந்தாள். எங்கள் லயத்துக்கு நேரே வந்ததும் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான் தேயிலைக்குள் குந்திக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். எழுந்திருந்தால் பத்தே எட்டில் ஓடிப் போய்ப் பிடித்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. ஊருக்குப் போய் அவள் எங்கே படித்தாள், படித்தாளா, எனக்குத் தெரியாது.

பச்சைக் கொடியைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா ஒரு நாள் பெட்டியை ஒதுக்கும்போது எடுத்து, அடுப்பிலிருந்து சட்டி இறக்கக் கரித்துணியாக்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பச்சை கறுப்பாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு அதே அடுப்பில் இறக்கிய சோற்றைத் தின்றேன்.

அப்பா டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாவதற்கு நாலு நாளைக்கு முன்னால், ஒன்று கேட்டார். ஜன்னல் வழியே வெளியே மண்கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், “அந்தப் பாதைக்காரரு நல்ல மனுசன்தான புள்ள?” என்றார். “ஆமாப்பா” என்றேன். அவர் தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மூலைப் பச்சையை அவரும் பார்த்தவர்தான். கரை விழுந்த பிறகு தன் மலையில் தண்ணீர்க் கான் ஓரத்துப் புல்லை அவர் தொடவிடவில்லை, துரை கேட்டபோதும் விடவில்லை. அவருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தும் என்னை ஏன் கேட்காமல் விட்டார் என்று நான் யோசிக்காத நாள் குறைவு. நாலு நாள் இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

நாற்பது வருசம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பேரப்பிள்ளைகள்கூட என்னிடம் படித்தவர்கள். இதை எழுதி முடித்த பிறகு நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி. அப்பா பெயரில் பலகை வேண்டாம். அவர் இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார்.

இப்போது அந்தப் படத்தை இன்னொரு தடவை திறந்து பாருங்கள். மேடைக்குப் பின்னால் கரை. மேலே இருந்து கீழே வரை வழுவழுவென்று சிவப்பு மண். மெசின் வைத்து வெட்டியது போதாது என்று சுரண்டியும் போட்டிருக்கிறார்கள். நம்ம பிள்ளைகள்தானே, கை வேறு எங்கே போகும். வைகாசிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டால் அதற்குள் வேர் பிடித்துவிடும்.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கரையில் இருக்கிற புல்லைச் சுரண்டக் கூடாது. புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுரண்டிய இடத்தில் மழைக்கு முன்னால் புல்லுப் பத்தை வெட்டி வந்து பதிக்கவேண்டும். இது நான் சொல்வதில்லை. பாதைக்கார மாமா சொன்னது. உங்களிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னார்.